கேமிங் கம்ப்யூட்டரில் கையிலிருக்கும் காசுக்கு எதை முதலில் மாற்றுவது?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். "அண்ணே, கேம் லாக் ஆகுது. பத்தாயிரத்துக்குள்ள நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு சொல்லுங்க." கடைக்காரரும் கையிருப்பில் உள்ள ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்தால் சில பேருக்கு லாக், அதாவது கேம் திக்கித் திக்கி ஓடுவது, போயிருக்கும், பல பேருக்கு அப்படியே இருக்கும். அந்தக் கார்டைத் திட்டிப் பயனில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஒரு பாகம், அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பாகம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

கேம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். திரையில் அசைவதெல்லாம் தனித்தனிப் படங்கள். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்குக்குத்தான் எஃப்பிஎஸ் என்று பெயர். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி நொடிக்குள் தயாராக வேண்டும். 144 வேண்டுமென்றால் 7 மில்லி நொடிகூடக் கிடைக்காது. எதிரி எங்கே நிற்கிறான், சுட்டது பட்டதா, கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற கணக்கையெல்லாம் பிராசசர் போடும். போட்டு முடித்ததும் வரையும் வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளிவிடும். கார்டு வரைந்து மானிட்டருக்கு அனுப்பும். இரண்டுக்கும் தேவையான சரக்கை ரேம் பக்கத்திலேயே வைத்திருக்கும். ரேமில் இடம் போதாவிட்டால் ஹார்ட் டிஸ்க் வரை போய் எடுத்துவர வேண்டியதுதான்.

இதில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்தத்துக்கும் வேகம். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்துவிட்டாலும் நடுவில் ஒரு மதகு அடைத்துக் கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேம் ஆடுகிறவர்கள் இதை பாட்டில்நெக் என்பார்கள்.

முதலில் டாஸ்க் மேனேஜர்

கேமில் எந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில் ஐந்து பத்து நிமிடம் ஆடுங்கள். ஆடுவதற்கு முன் வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்துக்குள் கட்டிவைக்கும் அமைப்பு), எஃப்பிஎஸ்ஸுக்கு ஏதாவது வரம்பு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டு 60-ஐத் தொட்டவுடன் ஓய்வெடுத்துக்கொள்ளும், எண்கள் தப்பாகத் தெரியும். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று அது காட்டும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கடைசி 60 நொடியில் நடந்தது கோடாகத் தெரியும்.

ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் கோடு 95 சதவீதத்துக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், கார்டு தன்னால் முடிந்த அளவு உழைத்துவிட்டது என்று பொருள். அப்படியென்றால் கார்டு மாற்றலாம், தப்பில்லை. ஜிபியு ஐம்பது அறுபதில் நின்றுகொண்டிருந்தால் பிராசசர் பக்கம் பாருங்கள். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. சிபியு, அதாவது பிராசசர், மொத்தமாக 40 சதவீதம் என்று காட்டும், "பிராசசர் சும்மாதானே இருக்கு" என்று தோன்றும். பல கேம்கள் பிராசசருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் பயன்படுத்துவதில்லை. அந்தக் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொரு கோரின் வேலையும் தனித்தனிக் கட்டங்களாக வரும். அதில் ஒன்றிரண்டு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றால் தடை அங்கேதான்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100-ல் நிற்கிறதா? அப்படியானால் ரேம் போதவில்லை. கேம் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு நொடி உறைந்து, மறுபடி ஓடும். இதையும் லாக் என்றுதான் சொல்வார்கள், ஆனால் எந்தக் கார்டு போட்டாலும் இது போகாது.

சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு சோதனை. ரெசல்யூஷனை (படத்தில் உள்ள புள்ளிகளின் அளவு) 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் குதித்து ஏறினால் கார்டுதான் காரணம். அசையாமல் இருந்தால் பிராசசர்.

எந்தக் கேம் என்பதும் முக்கியம். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டிக் கேம்கள் பிராசசரைத்தான் அதிகம் வாங்கும். சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய உலகக் கேம்கள் கார்டைப் பிழியும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற மொபைல் கேமை எமுலேட்டரில் (கம்ப்யூட்டருக்குள் ஃபோன் மாதிரி ஓடும் மென்பொருள்) ஆடுகிறவர்களுக்கு பிராசசரும் ரேமும்தான் சோறு போடும். அவர்கள் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் வர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிஸேபிள்ட் என்றிருந்தால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் ஆன் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

செலவில்லாமல் கிடைப்பவை

மன்னார்குடியில் அக்கா மகன் வைத்திருப்பது ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர். ஒல்லிப் பெட்டி, ஐ5 6500 பிராசசர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஹார்ட் டிஸ்க். "மாமா, ஃபோர் கே எல்லாம் வேணாம், நிக்காம ஓடினாப் போதும்" என்றான். பெட்டியைத் திறந்தால் பிராசசர் விசிறிக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசு ஒரு அடுக்காகப் படிந்து, காற்று போக இண்டு இடுக்குகூட இல்லை. தெருக்கோடியில் வயல். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும்போது பறக்கிற தூசும் வைக்கோல் துரும்பும் ஜன்னல் வழியாக நேரே உள்ளே வரும். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, பிராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும், காய்ந்து பொருக்காகிப் போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். கேம் ஆடும்போது 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பிராசசர் 70-க்கு இறங்கியது. சூடு எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மட்டும் கேம் லாக் ஆகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெப்பத்தைப் பார்க்க ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. ரேமின் தங்க நிற முனைகளில் மங்கல் படியும், சில நாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் மட்டும் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

மானிட்டர் வயரையும் ஒரு தடவை பாருங்கள். கார்டு வைத்திருந்தும் வயரை அதில் சொருகாமல் மதர்போர்டில் (எல்லாப் பாகமும் உட்காரும் பலகை) சொருகி வைத்திருப்பவர்கள் நிறைய. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 144 படம் காட்டுவது) வாங்கி விண்டோஸில் 60-லேயே விட்டிருப்பவர்களும் உண்டு.

ரேமும் எஸ்எஸ்டியும்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று ஒரு வரி இருக்கும். 2-ல் 1 என்று காட்டினால் உங்களிடம் ஒரே ஸ்டிக் ரேம் இருக்கிறது, ஒரு இடம் காலி. பெட்டியைத் திறக்காமலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரே ஸ்டிக்காக இருக்கும்போது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒரு பாதைதான். அதே மாதிரி இன்னொன்றைச் சரியான இடத்தில் போட்டால் பாதை இரண்டாகும். டிடிஆர்4 3200 ரேமில் நொடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஜிபி ஆகிறது. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரின் உள் கிராபிக்ஸிலேயே ஆடுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிது, ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுவது வழக்கம். மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 3200 என்று போட்டிருக்கும் ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். போர்டு அனுமதித்தால் ஆன் செய்துவிடுங்கள்.

டிடிஆர்3, 4, 5 என்பவை ரேமின் தலைமுறைகள். ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவித்ததில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. அதனால் டிடிஆர்4-ஐ செகண்ட் ஹேண்டில் தேடுவது இப்போது புத்திசாலித்தனம். ரேமில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாங்கியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். அது எஃப்பிஎஸ்ஸை ஏற்றாது. கேம் திறக்கும் நேரத்தையும், நடுநடுவே உறைவதையும் குறைக்கும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும், சாதா சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை போகும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இன்னும் பல மடங்கு. கேமுக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல். அதற்கு மேல் உள்ள வேகம் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்கு விளையாட்டில் தெரியாது.

எஸ்எம்பிஎஸ்: யாரும் கேட்காத பாகம்

கம்ப்யூட்டரின் எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். நம் ஊரில் அசெம்பிள் செய்கிறவர்கள் காசை மிச்சம் பிடிப்பது எப்போதும் இதில்தான். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாமல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐயும் 16-ஐயும் பெருக்குங்கள், 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் அவற்றுக்கு உதவாத கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே இடத்தில் 36 ஆம்பியர் அளவுக்கு இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் எடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 6 பின் வயர் 75, 8 பின் வயர் 150 வாட் கூடுதலாகத் தரும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே இல்லையென்றால், அது அந்தக் கார்டைத் தாங்க வடிவமைத்ததில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பின் வயரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரை ஐம்பது நூறுக்குக் கொடுப்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள், வயர் உருகும்.

டெல்டாவில் இன்னொரு சங்கதி உண்டு. கோடையில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும் கிராமங்களில் 230 வோல்ட் என்பது பேப்பரில் மட்டும்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். மலிவான எஸ்எம்பிஎஸ் இந்த ஆட்டத்தில் போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான சான்று. பாதுகாப்புக்கு அது மட்டும் போதாது, பெயர் பெற்ற பிராண்டா, ஐந்து வருட வாரண்டி தருகிறார்களா என்றும் பாருங்கள்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் விஏ எண்ணை வாட் என்று நினைக்கக்கூடாது. 600 விஏ என்று விற்பது வழக்கமாக 360 வாட்தான் தாங்கும், மானிட்டரும் அதற்குள் அடக்கம். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? பெரும்பாலும் கம்ப்யூட்டர் கோளாறில்லை. பழைய வீடுகளில் பிளக்கில் எர்த் இணைப்பு இருக்காது, அதனால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் கசியும் சிறு மின்சாரம் போக இடமில்லாமல் பெட்டியிலேயே நிற்கும். புதுக் கார்டு போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிடுங்கள்.

இப்போது கார்டு

"4 ஜிபி கார்டு" என்று கேட்டு வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். ஜிடி 730-யிலும் 4 ஜிபி இருக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650-யிலும் 4 ஜிபி இருக்கிறது, முதலாவது இரண்டாவதை ஏணி வைத்தாலும் எட்டாது. ஜிபி என்பது சரக்கு வைக்கும் இடம், வரையும் வேகத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. ஜிடி 710, ஜிடி 730 இரண்டையும் கேமுக்கென்று வாங்கவே வேண்டாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களின் உள் கிராபிக்ஸே அவற்றைவிட மேல். இன்றைய பெரிய கேம்களுக்கு 8 ஜிபி இருந்தால் நிம்மதி, 4 ஜிபியில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) குறைத்து வைத்து ஓட்ட வேண்டும்.

ஒல்லிப் பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு குறைவு. முழு உயரக் கார்டு நுழையாது, லோ புரொஃபைல் என்று கேட்டு வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் கம்பெனியின் தனி அளவு, வெளியே வாங்கி மாட்டுவது கஷ்டம். எனவே தனி வயர் கேட்காத கார்டுதான் வழி. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 75 வாட், 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை 70 வாட். மன்னார்குடிப் பெட்டிக்கு லோ புரொஃபைல் 1650 ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடித்தோம். அதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த நாலு கோர் ஐ5 அதற்கு வேலை கொடுத்திருக்காது.

சாதாரண அளவு கேபினட்டும் உருப்படியான எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்தால் ஆர்எக்ஸ் 6600 என் முதல் தேர்வு. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர், 1080-ல் நன்றாக ஓடும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மதர்போர்டோடு பேசுவது நாலே பாதையில். கார்டு சொருகும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஆக உள்ள பழைய போர்டில் அந்த நாலும் பாதி வேகத்தில் ஓடும், கேமும் அடி வாங்கும். வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை, யூடியூபில் கேம்பிளே போட நினைக்கிற தம்பிகள் தள்ளியே இருங்கள். இன்டெல்லின் ஆர்க் பி580-யில் 12 ஜிபி இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்டவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அது தள்ளாடும்.

பிராசசர் மாற்றுகிறவர்களுக்கு

பிராசசரும் மதர்போர்டும் ஜோடியாகத்தான் வரும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பி450 போர்டில் ரைசன் 5 1600-ஓ 2600-ஓ இருந்தால், பயாஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600-ஐ அப்படியே உட்கார வைக்கலாம். போர்டும் ரேமும் பழையதே போதும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிட வேண்டும். அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும் அபாயம் உண்டு, அதனால் யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இன்டெல்லில் அந்தச் சலுகை கிடையாது. 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனாலும் பழைய போர்டில் 8-ஆம் தலைமுறை ஓடாது. பெயரை நம்பி வாங்கிவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும், அதில் பெயர் இருந்தால்தான் காசை எடுங்கள்.

வாங்கும்போது

உள்ளூர் விலை, திருச்சி விலை, சென்னை ரிச்சி தெரு விலை, ஆன்லைன் விலை நாலையும் கேட்டுவிடுங்கள். ஒப்பிடும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள், பில் இல்லாத விலை எப்போதும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் நான் பில்லோடு புதிதாகத்தான் வாங்கச் சொல்வேன். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் விற்கிறவர் வீட்டிலேயே கால் மணி நேரம் கேம் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் வருகிறதா, எல்லா விசிறியும் சுற்றுகிறதா, மானிட்டர் சொருகும் ஒவ்வொரு போர்ட்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த நேரம் போதும்.

எவ்வளவு பழைய பெட்டி வரைக்கும் காசு போடலாம் என்ற கேள்விக்கு என் கணக்கு இது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ரைசனில் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டரில், நாளைக்கு வேறு போர்டுக்கு எடுத்துப் போகக்கூடிய பாகங்களுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்: எஸ்எஸ்டி, சாதா அளவு எஸ்எம்பிஎஸ், கார்டு. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா சொல்கிற வீடுகளில் இந்த வரிசை ரொம்பவே வசதி. இந்தப் போகத்துக்கு எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும், அடுத்த போகத்துக்குக் கார்டு, அதற்கடுத்து போர்டும் பிராசசரும் என்று வாங்கலாம். பழைய போர்டுக்காக மட்டும் ஒரு பிராசசரையோ டிடிஆர்3 ரேமையோ தேடி அலைய வேண்டாம், அந்தக் காசு அந்தப் பெட்டியோடு போய்விடும்.